குளிர வைக்கப் போய் உறைய வைத்துவிடாதீர்கள்

சித்திரை வெயிலில் இன்சுலின் வாங்கிக்கொண்டு வீடு திரும்புபவர்களில் சிலர், பாலித்தீன் பையில் ஐஸ் கட்டிகளைக் கொட்டி அதன் நடுவே மருந்தைப் புதைத்து எடுத்துச் செல்வதைப் பார்த்திருக்கிறேன். வீடு சேர்ந்ததும் அது நேராக ஃப்ரீசருக்குப் போகும். அக்கறையில் செய்வதுதான். ஆனால் அந்த அரை மணி நேர வெயிலைவிட ஐஸும் ஃப்ரீசரும்தான் மருந்துக்குப் பெரிய எதிரி.

இன்சுலினுக்கும் பெரும்பாலான தடுப்பூசிகளுக்கும் உரிய வெப்பநிலை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். எட்டைத் தாண்டினால் மருந்து மெல்ல மெல்லத்தான் வீரியம் இழக்கும். உறைந்துபோனாலோ மீட்க வழியே இல்லை. உறைந்து உருகிய இன்சுலின் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கலாம். அதை நம்பி ஊசி போட முடியாது. கொடுத்த விலையை நினைத்தால் எறிய மனம் வராது என்பது எனக்கும் தெரியும். ஆனால் வீரியமிழந்த மருந்தைப் போட்டுச் சர்க்கரை ஏறும். மருத்துவர் அளவைக் கூட்டுவார். அடுத்த மாதம் நல்ல குப்பி வந்ததும் அதே கூடுதல் அளவு சர்க்கரையைத் தடாலெனக் கீழே தள்ளிவிடும். மயங்கி விழும் அபாயம் அங்கேதான் இருக்கிறது.

ஃபிரிட்ஜில் எங்கே வைப்பது? பலரும் கதவைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பாலுக்கும் தண்ணீருக்கும் நாள் முழுவதும் திறந்து மூடும் கதவில் சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஃப்ரீசருக்கு நேர் கீழே உள்ள தட்டும் ஆகாது, பின்சுவரை ஒட்டி வைப்பதும் ஆகாது. இரண்டு இடத்திலும் உறைந்துவிடக்கூடும். நடுத் தட்டில், அட்டைப் பெட்டியைப் பிரிக்காமல், ஒரு டப்பாவுக்குள் வையுங்கள். பக்கத்தில் ஒரு சிறிய தெர்மாமீட்டர் இருந்தால் ஊகிக்க வேண்டிய வேலையே இல்லை. மின்சாரம் போனால் ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள்.

திறந்து பயன்படுத்திக்கொண்டிருக்கும் குப்பியையோ பேனாவையோ ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும் என்பதில்லை. 30 டிகிரிக்குள் இருந்தால் பெரும்பாலான வகைகள் வெளியிலேயே ஏறத்தாழ 28 நாள் தாங்கும். வகைக்கு வகை மாறும் என்பதால் உள்ளே இருக்கும் தாளைப் படியுங்கள், திறந்த தேதியைக் குப்பியிலேயே எழுதுங்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளில் மண்பானை நல்ல துணை. பானைத் தண்ணீரில், நன்றாக மூடிய சிறு டப்பாவுக்குள் மருந்தை மிதக்கவிடலாம். வெளியே கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துச் செல்கிறது. வேலூரின் வறண்ட வெயிலில் இது நன்றாக வேலை செய்யும். நாகப்பட்டினத்தின் ஈரக் காற்றில் அவ்வளவு குளிராது. கென்யாவின் அகதிகள் முகாம் ஒன்றின் சூழலை வைத்து எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் ஆய்வு செய்து 2021-இல் வெளியிட்டன. 25க்கும் 37க்கும் இடையே ஏறி இறங்கும் வெப்பத்தில் நான்கு வாரம் இருந்த இன்சுலின் வீரியம் இழக்கவில்லை. ஏழை நோயாளிக்கு இது பெரிய ஆறுதல். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுச் செல்ல மட்டும் இதைச் சாக்காக்க வேண்டாம்.

பயணத்தில் ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி, மருந்தோடு நேரடியாக ஒட்டாதபடி வையுங்கள். விமானத்தில் போனால் கைப்பையில்தான் கொண்டு போக வேண்டும். சரக்கறைக்குப் போகும் பெட்டியில் உறைந்துவிடலாம்.

தடுப்பூசிக்கு வருவோம். 1995-இல் தொடங்கிய பல்ஸ் போலியோ முகாம்கள், தடுப்பு மருந்து என்றாலே ஐஸ் பெட்டி என்ற படத்தை நம் மனதில் பதித்துவிட்டன. போலியோ சொட்டு மருந்து உறைந்தாலும் கெடாது என்பது உண்மை. ஆனால் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட், ஹெபடைட்டிஸ் பி போன்ற தடுப்பூசிகளில் அலுமினிய உப்பு கலந்திருக்கிறது. உறைந்தால் அந்தக் கலவை உடைந்து துகள்கள் திரண்டுவிடும். பிறகு எவ்வளவு குலுக்கினாலும் பழைய நிலைக்கு வராது. அதனால்தான் செவிலியர்கள் ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு தடுப்பூசி எடுத்துச் செல்லும் கேரியர் பெட்டியில் வைப்பதில்லை. சற்று வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்ட பிறகே வைப்பார்கள். அவசரத்தில் இந்தக் காத்திருப்பைத் தவிர்ப்பதுதான் நான் அஞ்சும் தவறு.

அரசுத் தடுப்பூசிக் குப்பிகளில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் பயன்படுத்தலாம். அதே நிறமோ அதைவிடக் கருமையோ வந்துவிட்டால் கூடாது. ஆனால் அது பட்ட சூட்டை மட்டுமே காட்டும், உறைந்ததைக் காட்டாது.

காசநோய்க்கான பி.சி.ஜி., தட்டம்மை-ரூபெல்லா போன்ற பொடி மருந்துகளைக் கரைத்துவிட்டால் நான்கு மணி நேரம்தான் ஆயுள். நீங்கள் தாமதமாகப் போகும்போது, குப்பியில் மருந்து மிச்சமிருந்தும் செவிலியர் மறுத்தால், "இருக்கிறதே, போட்டால் என்ன?" என்று அவரிடம் வாதாட வேண்டாம். அடுத்த தடுப்பூசி நாள் எது என்று கேட்டுக்கொண்டு, அன்று காலையிலேயே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.