உற்சாகத்துக்குள் ‘உறு’ இல்லை

அகராதி வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் சொல்லுக்கு வேர் தேடுவதைப் பார்க்கிறேன். நான் முட்டிக்கொண்ட இடங்களிலேயே அவர்களும் முட்டிக்கொள்கிறார்கள். ஒற்றுப்பிழை போன்றவை நாளடைவில் தாமாகத் திருந்திவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

காதில் விழுந்தபடி சொல்லை உடைப்பது

ஒரு துணைநூலின் இரண்டாம் பதிப்பு மெய்ப்புக்கு வந்தது. ‘உற்சாகம்: உறு + சாகம், மிகுந்த வேகம்’ என்று இருந்தது. சாகம் என்றால் என்னவென்று கேட்டேன். “வேகம்தான்” என்றார் எழுதியவர், கொஞ்சமும் கூசாமல். நான் அறிந்த சாகம் கீரை. சாகபட்சிணியில் இருப்பதும் அதுதான். முதல் பதிப்பைப் பிள்ளைகள் ஏற்கெனவே மனப்பாடம் செய்து தேர்வும் எழுதிவிட்டார்கள். அதை யார் திருத்துவது? இன்றும் எரிச்சல் அடங்கவில்லை.

இது வடசொல்: உத்ஸாஹ. ‘உத்’ என்றால் மேல்நோக்கி. ‘ஸஹ்’ என்றால் தாங்குதல், எதிர்த்து நின்று வெல்லுதல். தமிழுக்கு வரும்போது ஸகரத்துக்கு முன் நிற்கும் ‘த்’ பல சொற்களில் ‘ற்’ ஆகும். உத்ஸவம் உற்சவம் ஆனதும், மாத்ஸர்யம் மாற்சரியம் ஆனதும் இப்படித்தான். ஹகரம் ககரமாகும்: தேஹம் தேகம், மோஹம் மோகம். உறு என்ற வினைக்கு இங்கே வேலையே இல்லை. ஒரு சொல்லைப் பிரிக்குமுன், அதே வழியில் வந்த இரண்டு சொற்களையாவது பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பார்த்திருந்தால் உல்லாசத்தை ‘உள் + லாசம்’ என்று பிரிக்கவும் கை வந்திருக்காது. அதிலும் இருப்பது இதே ‘உத்’.

இன்றைய பொருளை அன்றைக்கு ஏற்றுவது

நாட்டிய சாஸ்திரத்தில் வீரச் சுவைக்கு அடிநிலையான உணர்வு உற்சாகம். அர்த்தசாஸ்திரம் அரசனுக்குச் சொல்லும் மூன்று சக்திகளில் உற்சாக சக்தியும் ஒன்று; அங்கே அது ஆற்றல், வீரம். குதூகலம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இப்போது செய்தித்தாள்களில் மதுவுக்கே ‘உற்சாக பானம்’ என்று பெயர்.

குஷிக்குத் தமிழ் வேர் தேடுவது

பாரசீகம். ‘குசி’ என்று எழுதினாலும் பாரசீகம்தான்.

ஊக்கமும் உற்சாகமும் ஒன்று என்பது

‘ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர்
தாக்கற்குப் பேருந் தகைத்து’ (குறள் 486).

ஊக்கம் உள்ளவன் காலம் பார்த்து அடங்கியிருப்பது, சண்டைக் கடா பாய்வதற்காகப் பின்வாங்குவது போன்றது. ஊக்கத்துக்குள் அடங்கி நிற்கவும் இடம் உண்டு. இந்தக் குறளுக்கு ‘உற்சாகமானவன்’ என்று ஒருவர் உரை எழுதிக் கொண்டுவந்தார். அப்படியானால் கடா ஏன் பின்வாங்குகிறது என்று கேட்டேன். தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.