எட்டுக் கேமரா, ஒரே பதிவு: மல்டிபிளெக்சரை அமைக்கும் முறை

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் பழைய கடைவீடு ஒன்றில் வியாபாரம் செய்பவர், ஐந்தடிப் பாதைக்கு (கடை முன்னுள்ள கூரையிட்ட நடைபாதை) ஒன்று, கல்லாவுக்கு ஒன்று, பின்கதவுக்கு ஒன்று, மாடிக் கிடங்குக்கு ஒன்று என்று கேமராக்களைக் கூட்டிக்கொண்டே போனால், அவற்றை ஒரே திரையில் பார்க்கவும் ஒரே இடத்தில் பதியவும் ஒரு கருவி தேவைப்படும். அதுதான் மல்டிபிளெக்சர். நாடாவில் பதிந்த காலத்தில் அது தனிப் பெட்டியாக இருந்தது. பின்னர் அதன் வேலை டிவிஆர் என்னும் வட்டுப் பதிவுக் கருவிக்குள் அடங்கிவிட்டது. பழைய பெட்டியை இன்னும் வைத்திருப்பவர்களும் இருப்பதால் முதலில் அதைப் பற்றிச் சொல்கிறேன்.

குவாட் என்னும் கருவி திரையை நான்காக வெட்டி நான்கு படங்களையும் சேர்த்தே பதியும்; ஆகவே ஒவ்வொரு படமும் கால்பங்கு அளவுக்குச் சுருங்கி, பின்னால் முகம் தெரியாமல் போகும். மல்டிபிளெக்சரோ ஒவ்வொரு கேமராவிலிருந்தும் ஒரு முழுப் படத்தை வரிசையாக எடுத்து, எந்தக் கேமராவினுடையது என்ற குறியீட்டையும் சேர்த்துப் பதிகிறது. படம் தெளிவாக இருக்கும். ஆனால் ஒரு கேமராவின் முறை மீண்டும் வரும்வரை அங்கே நடப்பது பதிவாகாது.

அந்த இடைவெளியைக் கணக்கிடாமல் எதையும் அமைக்க வேண்டாம். சிங்கப்பூரில் பயன்பட்ட பால் (PAL) என்னும் ஒளிக்காட்சி முறையில் நொடிக்கு 50 புலங்கள் (ஒரு வரி விட்டு ஒரு வரியாகத் திரை முழுவதையும் காட்டும் படங்கள்) உண்டு. மூன்று மணி நேர நாடாவை 24 மணி நேரத்துக்கு நீட்டினால் வேகம் எட்டில் ஒன்றாகி, நொடிக்கு 6.25 புலங்களே பதிவாகும். எட்டுக் கேமராக்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 1.28 நொடிக்கு ஒருமுறையும், பதினாறு இருந்தால் 2.56 நொடிக்கு ஒருமுறையும்தான் படம் கிடைக்கும். கல்லாவுக்குள் கை நீண்டு திரும்ப இரண்டு நொடி போதும் என்பதை நினைத்துப் பார்த்தால், கேமராவைக் கூட்டுவதால் மட்டும் பாதுகாப்பு கூடிவிடாது என்பது விளங்கும்.

ஆகவே நேரத்தைச் சமமாகப் பங்கிடாதீர்கள். கல்லாவுக்கும் வாசலுக்கும் முன்னுரிமை கொடுங்கள். அசைவைக் கண்டறியும் வசதி இருந்தால் அதை இயக்கி, ஆளில்லாத கிடங்கின் நேரம் ஆள் நடமாடும் இடத்துக்குப் போகும்படி செய்யுங்கள். பின்கதவின் காந்தச் சுவிட்சை அலாரம் உள்ளீட்டில் இணைத்துவிட்டால், கதவு திறந்த கணமே அந்தக் கேமராவுக்கு முதலிடம் கிடைக்கும்.

அடுத்ததைப் பலர் தவறவிடுகிறார்கள். நாடாவில் பதியும் கருவியான விசிஆர் 24 மணி நேர வேகத்தில் ஓடும்போது மல்டிபிளெக்சரும் அதே வேகத்துக்கு அமைந்திருக்க வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் சில கேமராக்கள் நாடாவில் ஏறவே மாட்டா. தேக்கா பக்கத்துக் கடை ஒன்றில் பல மாத நாடாக்களைப் போட்டுப் பார்த்தபோது, நேரடித் திரையில் பளிச்சென்று தெரிந்த கல்லாக் கேமரா ஒன்றில்கூடப் பதிவாகவில்லை என்பதைக் கண்டு எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அந்தக் கடைக்காரர் அத்தனை நாளும் அதை நம்பியிருந்தார். ஒவ்வொரு படம் பதியும்போதும் சைகை தரும் விசிஆரின் தூண்டுதல் வெளியீட்டிலிருந்து மல்டிபிளெக்சருக்கு ஒரு கம்பி இழுத்துவிட்டால் இந்தச் சிக்கல் எழாது.

இணைப்பு வேலை எளிது. கேமராவின் கோஆக்சியல் கேபிளை பிஎன்சி முனையில் பூட்டவேண்டும். ஒரே சமிக்ஞையை இன்னொரு திரைக்கும் கொண்டுபோனால், கேபிளின் முடிவில் சமிக்ஞை திரும்பி வராமல் தடுக்கும் 75 ஓம் முடிவுத்தடை கடைசிக் கருவியில் மட்டும் இருக்கவேண்டும். இரண்டு இடங்களில் இருந்தால் படம் மங்கும். திரையில் பட்டைகள் மெல்ல நகர்ந்தால், கேமராக்கள் வெவ்வேறு மின்சுற்றுகளிலிருந்து மின்சாரம் பெறுகின்றனவா என்று முதலில் பாருங்கள்.

சிம்ப்ளெக்ஸ் வகைப் பெட்டியில், பதிவு நடக்கையில் எல்லாக் கேமராக்களையும் ஒருசேரத் திரையில் பார்க்க இயலாது. டூப்ளெக்ஸில் அது இயலும். பழைய நாடாவை எடுத்துப் பார்க்க, பதிந்த அதே நிறுவனத்தின் கருவிதான் பெரும்பாலும் தேவைப்படும். ஆகையால் டிவிஆருக்கு மாறினாலும் நாடாக்கள் தீரும்வரை பெட்டியை எறிந்துவிடாதீர்கள்.

டிவிஆரில் இதே பங்கீடு வேறு வடிவில் வருகிறது. படத்தின் தெளிவைக் கூட்டினால், பல கருவிகளில் நொடிக்குக் கிடைக்கும் படங்களின் எண்ணிக்கை குறையும். வட்டின் இடத்தையும் கணக்கிடவேண்டும்: ஒரு கேமராவுக்கு நொடிக்கு 2 மெகாபிட் வேகம் என்றால் ஒரு நாளைக்கு 21.6 ஜிகாபைட் ஆகும். எட்டுக் கேமராக்களை 30 நாள் வைத்திருக்க ஏறத்தாழ 5.2 டெராபைட் வேண்டும். தீபாவளி நெரிசலின்போது திடீரென்று தரத்தைக் கூட்டினால் பழைய பதிவுகள் அதற்கேற்ப விரைவாக அழியும்.

சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012-இன்படி, கண்காணிப்புக் கேமரா இயங்குவதை வாடிக்கையாளர்களுக்கு அறிவிக்கவேண்டும். நுழைவாயிலில் தமிழிலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் ஓர் அறிவிப்புப் பலகை வைப்பது நல்லது.

எல்லாம் முடிந்தபின், கடை சாத்திய நேரத்தில் ஒருவரை வாசலிலிருந்து கல்லா, கிடங்கு, பின்கதவு என்று நடக்கவிட்டு, கைக்கடிகார நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நேரடித் திரையை விட்டுவிட்டுப் பதிவை ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு கேமராவிலும் அவர் தென்படுகிறாரா, முகம் அடையாளம் தெரிகிறதா, பதிவின் நேரம் கடிகாரத்தோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்து, மாதம் ஒருமுறை இதே நடையை மீண்டும் நடத்துங்கள்.