மீட்டர் சரியாகக் காட்டுகிறது, வெள்ளரி ஏன் சுணங்குகிறது?

மண்ணுக்குப் பதில் சத்துக் கரைசலில் வளர்க்கும் மண்ணில்லாச் சாகுபடியில் வெள்ளரி வைத்த பலருக்கும் இது பழகிய சிக்கல். முதல் சில பறிப்புகள் நன்றாக வரும். பிறகு கொடி சுணங்கும், பிஞ்சுகள் மஞ்சளாகி உதிரும், வெள்ளையாக இருந்த வேர் பழுப்பேறும். கரைசலின் மின்கடத்தும் திறனை அளக்கும் ஈ.சி. மீட்டரோ அளவு சரி என்றே காட்டும்.

அந்த மீட்டரை மட்டும் நம்புவதுதான் பெரிய தவறு. அது காட்டுவது கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைத்தான். வேர்கள் பென்சாயிக் அமிலம், சின்னமிக் அமிலம் போன்றவற்றையும் கசியவிடுகின்றன. வயலில் இவற்றை மண் துகள்கள் பிடித்துக்கொள்ளும், நுண்ணுயிர்கள் சிதைத்துவிடும். ஒரே கரைசல் திரும்பத் திரும்பச் சுற்றும் தொட்டியில் அவை சேர்ந்துகொண்டே போகும். கடைசியில் செடியின் கசிவே அந்தச் செடியின் வேரைத் தாக்கும். ஜப்பானின் ஷிமானே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களிலேயே வெள்ளரியில் இதைக் காட்டியிருக்கிறார்கள். லெட்டூஸ், ஸ்ட்ராபெரி ஆகியவற்றிலும் இந்தத் தன்நச்சு உண்டு.

செடி வாடியதும் உரத்தைக் கூட்டுவது அடுத்த தவறு. அடிபட்ட வேரால் இருக்கும் சத்தையே எடுக்க முடியாதபோது கூடுதல் உப்பு பாரம்தான். குறைந்துபோன அளவுக்குத் தண்ணீரை மட்டும் ஊற்றி நிரப்பி மாதக்கணக்கில் ஓட்டுவதும் அப்படியே. இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை கரைசலை முழுதாக மாற்றுங்கள். தண்ணீர் வீணாகிறதே என்ற தயக்கம் நியாயமானது. ஆனால் பழைய கரைசலை நீர் கலந்து தென்னைக்கோ வாழைக்கோ பாய்ச்சலாம்.

சந்தேகம் இருந்தால் ஒரு எளிய சோதனை செய்யலாம். ஒரு குவளையில் பழைய கரைசல், இன்னொன்றில் அதே ஈ.சி., அதே பி.எச். (அமில-காரத் தன்மை) அளவில் புதுக் கரைசல். இரண்டிலும் ஒரே வயதுள்ள நாற்றுகளை வைத்து ஒரு வாரம் பாருங்கள். பழையதில் மட்டும் வேர் நீளாமல் குட்டையாக நின்றால் கோளாறு அந்தத் தண்ணீரில்தான். வேரழுகல் நோயோடு இதைக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. அழுகிய வேரை விரலால் மெல்ல இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வரும், உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சும்.

நச்சு அமிலங்களை இழுத்துக்கொள்ளக் கரைசலில் கரி போடுவது பலன் தரும் வழிதான். ஜப்பானிய ஆய்வுகளிலும் விளைச்சல் மீண்டது. ஆனால் அடுப்புக்கரி கூடாது, அதன் சாம்பல் பி.எச். அளவை ஏற்றிவிடும். கழுவிய ஆக்டிவேட்டட் கார்பனை (நுண்துளைகள் நிறைந்த கரி) வலைப்பையில் கட்டிப் போடுங்கள். அது இரும்புச் சத்தையும் ஓரளவு இழுத்துக்கொள்ளும். இளம் இலை நரம்புகளுக்கு நடுவே வெளுத்தால் இரும்பைச் சேர்க்க வேண்டும்.

பி.எச். 5.5க்குக் கீழே இறங்க விடாதீர்கள். அமிலத்தன்மை கூடக் கூட பென்சாயிக் அமிலம் வேர்ச்செல்லுக்குள் எளிதாக நுழையும்.

அதற்காக வேர்க்கசிவு எல்லாமே நஞ்சு என்று எண்ணி வாராவாரம் கிருமிநாசினியான ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுவதும் வேண்டாம், அது நல்ல நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும். கசிவிலுள்ள சர்க்கரையையும் அமினோ அமிலங்களையும் உண்டு வாழும் நல்ல பாக்டீரியாக்கள், அந்த நச்சு அமிலங்களையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கின்றன. அவற்றுக்கும் வேருக்கும் தேவை காற்று. கோடையில் கரைசல் சூடேறினால் ஆக்சிஜன் குறையும். தொட்டியை நிழலுக்கு மாற்றி, ஏர் பம்ப்பை இரவிலும் ஓடவிடுங்கள்.