கழகங்களில் தற்காப்புப் பயிற்சி நடத்துவது எப்படி: வன்னிக் கழகங்களுக்கான வழிகாட்டி

வன்னியில் ஒரு விளையாட்டுக் கழகமோ, இளைஞர் கழகமோ, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ தற்காப்புப் பயிற்சி ஒன்றை ஒழுங்குசெய்யும்போது, அது பெரும்பாலும் ஒரே நாள் நிகழ்வாகவே அமைந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியாவிலிருந்தோ கறுப்புப் பட்டி பெற்ற ஆசிரியர் ஒருவர் அழைக்கப்படுகிறார். மங்கல விளக்கேற்றலும் உரைகளும் முடிந்தபின் பத்துப் பதினைந்து உத்திகள் அடுத்தடுத்துக் காட்டப்படுகின்றன. மாலையில் சான்றிதழ் வழங்கப்படுகிறது. ஒரு மாதம் கழித்து அவற்றுள் ஒன்றையேனும் தயங்காமல் செய்துகாட்டக் கூடியவர்கள் மிகச் சிலரே. ஆகவே, பயிற்சியை ஒரே நாளில் முடிக்காமல் நான்கு சனிக்கிழமைக் காலைகளாகப் பிரித்து, ஒவ்வொரு காலையும் மூன்று மணித்தியாலம் நடத்துங்கள் என்பதே இங்கு முதலில் சொல்ல வேண்டியது. ஆசிரியரின் புகழைவிட இந்தப் பிரிப்பே பயனைத் தீர்மானிக்கும்.

இதற்கு ஆதாரம் உண்டு. கனடாவின் 3 பல்கலைக்கழகங்களில் முதலாம் ஆண்டு மாணவிகளிடையே நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வொன்றில், 4 அமர்வுகளாக 12 மணித்தியாலம் பயிற்சி பெற்றவர்களுள் அடுத்த ஓராண்டில் பாலியல் வல்லுறவுக்கு உள்ளானோர் 5.2 வீதமாகவும், துண்டுப் பிரசுரங்களை மட்டும் பெற்றவர்களுள் 9.8 வீதமாகவும் இருந்தனர். அந்தப் பன்னிரண்டு மணித்தியாலத்திலும் கை, கால் உத்திகளுக்கு ஒதுக்கப்பட்டது ஒரு சிறு பங்குதான். ஆபத்தை முன்கூட்டியே அறிவது, தெரிந்தவர் ஒருவரின் முகத்துக்கு நேரே மறுப்பைச் சொல்வது, அதற்குத் தடையாக நிற்கும் கூச்சத்தைத் தாண்டுவது ஆகியவற்றிலேயே எஞ்சிய நேரம் செலவிடப்பட்டது.

நாள் குறிக்கும்போது பயிர்க் காலத்தைப் பாருங்கள். காலபோக விதைப்பும் அதன்பின் வரும் மழையும், மாசி, பங்குனி அறுவடையும் உள்ள வாரங்களில் வயலை விட்டுவிட்டு எவரும் வரமாட்டார்கள். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலை அண்டிய வாரத்தில் முல்லைத்தீவுப் பக்கம் கூட்டம் சேராது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் திறந்த மைதானம் புழுதியாகிவிடுவதால் மண்டபமே பொருத்தம். வெயிலை மனதில் வைத்துக் காலை 7 மணிக்குத் தொடங்கி 10 மணிக்குள் முடிப்பது நல்லது. மல்லாவி, ஒட்டுசுட்டான் போன்ற இடங்களுக்குச் சுற்றுக் கிராமங்களிலிருந்து வருபவர்களின் பஸ் நேரத்தை முதலே கேட்டு, அதற்கேற்ப அரை மணித்தியாலம் முன்பின் மாற்றிக்கொள்ளலாம். போக்குவரத்துச் செலவு தாங்காவிட்டால் அயலிலுள்ள இரண்டு கழகங்கள் சேர்ந்து ஒரே ஆசிரியரை அழைத்து, ஒன்றுக்குக் காலையும் மற்றதற்குப் பின்னேரமும் வைத்துக்கொள்ளலாம்.

கிராம அலுவலருக்கும், பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தருக்கும், அப்பகுதிப் பொலிஸ் நிலையத்துக்கும் எழுத்து மூலம் அறிவித்து, கடிதத்தின் பிரதியைக் கோவையில் வைத்திருங்கள். இளைஞர்கள் வரிசையாக நின்று சண்டைப் பயிற்சி செய்வது எங்கள் பகுதியில் தேவையற்ற விசாரணைகளைக் கொண்டுவரக் கூடும். அதன் பாரம் கழகத் தலைவரின் மீதல்ல, பயிற்சிக்கு வந்த பிள்ளைகளின் வீட்டார் மீதே விழும்.

ஆசிரியரைத் தெரிவுசெய்வதில் பட்டியின் நிறம் மட்டும் போதாது. கராத்தே ஆசிரியரிடமிருந்து நிலையெடுப்பும், வயிற்றிலிருந்து எழும் குரலும் கிடைக்கும். ஆனால் போட்டிக் கராத்தேயில் நடுவர் நிற்கிறார், 8 மீற்றர் சதுரக் களத்துக்கு எல்லை இருக்கிறது, ஒருவர் விழுந்ததும் ஆட்டம் நிறுத்தப்படுகிறது. ஜிகொரோ கானோ 1882இல் நிறுவிய ஜூடோ, விழுவதையும் பிடியை உணர்வதையும் மற்றெதையும்விட நன்றாகக் கற்பிக்கும். சிலம்பம் தெரிந்த ஒருவர் ஊரில் இருந்தால் அவரையும் அழையுங்கள். எதிராளிக்கும் தனக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கண்ணால் அளக்கும் பழக்கம் சிலம்பக்காரருக்கு இயல்பாகவே இருக்கும். எந்தக் கலையைச் சேர்ந்தவராயினும் அவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: ஒரு காலையில் எத்தனை உத்திகள் கற்பிப்பீர்கள், பெண் உதவியாளர் ஒருவர் உடன் வருவாரா, பயிற்சிக்கு மறுக்கும் ஒருவரை என்ன செய்வீர்கள். முதற் கேள்விக்கு மூன்றுக்கு மேல் எண் சொல்பவரையும், மூன்றாவதற்கு "பயத்தைப் போக்கிவிடுவேன்" என்பவரையும் தவிர்ப்பதே பாதுகாப்பு.

இடத்தைப் பொறுத்தவரை, பொதுநோக்கு மண்டபத்தின் சீமெந்துத் தரையில் மெத்தையின்றி எவரையும் விழுத்தக் கூடாது. விழும் பயிற்சிக்கு ஒரு சோடிக்கு 2 மீற்றர் நீளமும் 2 மீற்றர் அகலமும் வேண்டும். பத்துச் சோடிகளுக்கு 40 சதுர மீற்றர் மெத்தை. அவ்வளவு இல்லையெனில் சோடிகளை மாற்றி மாற்றி விடுங்கள். மெத்தையே கிடைக்காவிட்டால் மணற்பாங்கான கோயில் வீதியில், நிர்வாகத்தின் அனுமதியுடன், நெருஞ்சி முள்ளும் போத்தல் ஓடும் பொறுக்கி, தறப்பாள் விரித்து, குந்திய நிலையிலிருந்து விழுவதை மட்டும் பழக்கலாம். போர்க்காலக் கண்ணிவெடிகள் எஞ்சியிருக்கக் கூடும் என்பதால், ஊரார் நாளாந்தம் புழங்கும் நிலத்தைத் தவிர வேறெந்த வெளியையும், அது எவ்வளவு துப்புரவாகத் தெரிந்தாலும், தெரிவுசெய்ய வேண்டாம்.

வெளியூர் ஆசிரியர்களுக்கு எளிதில் புலப்படாத ஒன்று, வன்னியில் பயிற்சிக்கு வருபவர்களின் உடல். 2009 வரையான போரின் செல் துண்டுகளை இன்னும் உடலில் சுமப்பவர்கள், செயற்கைக் காலுடன் நடப்பவர்கள், ஒரு காது கேளாதவர்கள், வெளியில் எந்தத் தழும்பும் இல்லாமல் பெருஞ்சத்தத்துக்கு உறைந்துபோகிறவர்கள் எங்கள் கழகங்களில் இருக்கிறார்கள். ஆகவே முதல் அமர்வுக்கு ஒரு வாரம் முன்பே, ஒவ்வொருவரிடமும் தனியாக, அவருக்குப் பழக்கமான ஒருவரைக் கொண்டு, எந்த இடத்தில் தொடக் கூடாது, எந்த அசைவு முடியாது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் கை உயர்த்தச் சொன்னால் எவரும் சொல்லமாட்டார்கள். பின்னாலிருந்து கழுத்தை நெரிப்பது, கண்ணைக் கட்டுவது, திடீரென்று வெடிச் சத்தம் எழுப்புவது, நிலத்தில் அழுத்திப் பிடிப்பது ஆகிய நான்கையும் முதல் மூன்று அமர்வுகளிலும் முற்றாக விலக்கிவிடுங்கள். நான்காவதில் வேண்டுவோருக்கு மட்டும், முன்னறிவிப்புடன் செய்யலாம்.

அப்படியும் ஒருவர் உறைந்து நின்றாலோ, அழத் தொடங்கினாலோ, சுற்றி நிற்பவர்களை விலக்கி, அவருக்குத் தெரிந்த ஒருவர் அவரை நிழலுக்கு அழைத்துச் சென்று, அவருடைய பெயரையும் அப்போது இருக்கும் இடத்தையும் மெதுவாகச் சொல்லித் தண்ணீர் கொடுக்கட்டும். என்ன நினைவு வந்தது என்று கேட்க வேண்டாம். திரும்பி வரும்படி வற்புறுத்தவும் வேண்டாம். பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரை முதல் நாளே அறிமுகப்படுத்தி வைத்தால் பின்னர் அவரை நாடுவது எளிதாகும். ஆபத்து வேளையில் உடல் உறைந்துபோவது இயற்கை என்பதையும், எதிர்க்காமல் இருந்தவர் எந்தக் குற்றமும் செய்தவரல்லர் என்பதையும் முதல் அமர்வின் முதல் பத்து நிமிடத்துக்குள் ஆசிரியர் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

முதற் சனிக்கிழமையைக் குரலுக்கும் தூரத்துக்கும் கொடுங்கள். இருவர் எதிரெதிரே நிற்க, ஒருவர் மெதுவாக நெருங்கி வர, மற்றவர் உள்ளங்கைகளை மார்பளவில் முன்னே உயர்த்தி "தள்ளி நில்லுங்கோ" என்று சொல்லட்டும். வயதில் மூத்தவர்களிடம் குரலை உயர்த்தி அறியாத பெண்களுக்கு இது அடிப்பதைவிடக் கடினமானது. ஆதலால் முதலில் மரியாதையாகவும், பின்னர் உறுதியாகவும், கடைசியில் தெரு முழுவதும் கேட்கும்படி "விடடா!" என்றும் மூன்று படிகளாகப் பழக்குவது பலன் தரும். ஆளரவமற்ற வீதியில் சைக்கிளில் போகும்போது வழிமறித்தால், சைக்கிளைக் குறுக்கே தள்ளிவிட்டு வெளிச்சமும் வீடும் உள்ள திசைக்கு ஓடுவதையும் அன்றே செய்து பாருங்கள். சைக்கிளைக் காப்பாற்றும் எண்ணம் வரும். அதை விட்டுவிடப் பழக வேண்டும்.

இரண்டாம் சனிக்கிழமை மணிக்கட்டு விடுவிப்பு ஒன்றே போதும். ஒருவர் பிடிக்கும்போது அவருடைய பெருவிரலுக்கும் மற்ற விரல் நுனிகளுக்கும் இடையில் ஓர் இடைவெளி இருக்கும். பிடியின் பலவீனம் அங்கேதான். பிடிபட்டவர் தன் மணிக்கட்டின் ஒடுங்கிய விளிம்பை அந்த இடைவெளிக்கு நேரே திருப்பி, பின்னால் இழுக்காமல் ஒரு காலடி முன்னே வைத்து, முழங்கையை மடக்கிப் பிடித்தவரின் முழங்கையை நோக்கி வீச வேண்டும். இழுப்பது தோளின் வேலை, வீசுவது முழு உடலின் வேலை; பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் வளர்ந்தவரின் பிடியிலிருந்து கழன்றுவிடக் கூடுவது இந்த வேறுபாட்டால்தான். பிடிப்பவர் முதலில் "பிடிக்கலாமா?" என்று கேட்க வேண்டும், பிடிபட்டவர் இரண்டு முறை தட்டினால் அக்கணமே விட வேண்டும்.

மூன்றாம் நாள் விழுதல்: நாடியை நெஞ்சோடு சேர்த்து, மூச்சை வெளியே விட்டு, முன்னங்கைகள் முழுவதாலும் தரையில் அடித்து விழ வேண்டும். உள்ளங்கையை மட்டும் ஊன்றினால் மணிக்கட்டு முறியக் கூடும். தலை அடிபட்டவரை அன்று மீண்டும் பயிற்சிக்கு விடவே கூடாது. வாந்தியோ மயக்கமோ குழப்பமோ தெரிந்தால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

நான்காம் நாளின் பாதியைப் பேச்சுக்கு ஒதுக்குங்கள். சிறுவர்கள் மீதான பாலியல் துன்புறுத்தலில் பெரும்பகுதி தெரிந்தவர்களாலேயே நிகழ்கிறது என்பதால், அடிக்கும் உத்தியைவிட யாரிடம் சொல்வது என்பதே அவர்களைக் காப்பாற்றும். சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938, அவசரப் பொலிஸ் 119 ஆகிய எண்களை ஒவ்வொருவரும் அங்கேயே தம் தொலைபேசியில் பதியட்டும். தொலைபேசி இல்லாத பிள்ளைகள் மனனம் செய்யட்டும். சட்டத்தரணி ஒருவரை அரை மணித்தியாலம் பேச அழையுங்கள். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 89 முதல் 99 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்ய அவை இடமளிப்பதில்லை. தப்பியபின் திரும்பி வந்து அடிப்பது ஏன் தற்காப்பு ஆகாது என்பது இளைஞர்களுக்கு விளங்க வேண்டும்.

பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரைத் தனிப் பிரிவாக்கி, பெற்றோரின் கையொப்பத்துடன், எப்போதும் இரண்டு பெரியவர்கள் உடனிருக்க நடத்துங்கள். முகநூலுக்கான படம் எடுப்பதைப் பெற்றோர் சம்மதித்தாலும் தவிர்ப்பதே என் விருப்பம். யார் வந்தார்கள் என்பது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை.

சான்றிதழை நான்காம் நாளில் கொடுக்காமல் மூன்று மாதம் கழித்துக் கொடுக்கலாம். இடைப்பட்ட காலத்தில் கழகத்தில் இருவர், அவர்களில் ஒருவரேனும் பெண்ணாக இருக்க, வாரம் ஒரு தடவை வலைப்பந்துப் பயிற்சிக்கு முன் பதினைந்து நிமிடம் குரலையும் மணிக்கட்டு விடுவிப்பையும் நடத்திவரட்டும். மூன்றாம் மாதம் ஆசிரியரை ஒரு காலை மட்டும் மீண்டும் அழைத்து, புதிதாக எதையும் கற்பிக்காமல், பழகியவற்றைத் திருத்தித் தரும்படி கேளுங்கள்.