கத்திரி வெயிலில் காய்கறித் தோட்டம், ஓர் ஓரத்தில் காட்டுப்பூக்கள்

எங்கள் வீடு திருச்சியில். பின்கட்டில் 10 அடிக்கு 12 அடி மண்தரை, மொட்டைமாடியில் 15 பைகள், இவ்வளவுதான் தோட்டம். மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கி மாதக் கடைசி வரை வெயில் காய்ச்சி எடுக்கும் ஊர் இது. இருந்தாலும் வெண்டைக்கும் கத்தரிக்கும் கீரைக்கும் நாங்கள் கடைக்குப் போவதில்லை. முதன்முதலாகக் கோடையில் தோட்டம் போடுகிறவர்களுக்காக, நான் செய்கிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. வெயில் தாங்குவதை மட்டும் நடுங்கள்

வெண்டை, கொத்தவரை, கத்தரி, மிளகாய், தட்டைப்பயறு, தண்டுக்கீரை, கொடிப்பசலை, பூசணி, பீர்க்கு. இவை போதும். காலிஃபிளவர், கேரட், பீட்ரூட் எல்லாம் பனிக்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தக்காளியும் வேண்டாம். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப்போய்ப் பூ அப்படியே உதிரும். உரம் போட்டாலும் நிற்காது.

வெண்டை விதையை ஓர் இரவு ஊறவைத்து நேரடியாக ஊன்றுங்கள். 45 நாளில் முதல் பறிப்பு. அதற்கப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆகவேண்டும். நுனியை ஒடித்தால் ‘டக்’கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் முற்றிவிட்டது.

2. மண்ணை மூடுங்கள்

வெறும் மண் கோடையில் நிற்கக் கூடாது. காய்ந்த இலை, வைக்கோல், கரும்புச் சோகை, எது கிடைக்கிறதோ அதை மூன்று விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் கொஞ்சம் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் தண்டு அழுகும். மதியம் இரண்டு மணிக்கு மூடாக்குக்கு அடியில் கைவிட்டுப் பாருங்கள், உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். மாடிப் பைகளுக்கு 50 சதவீத நிழல்வலை கட்டினால் மேற்கு வெயில் அடங்கும்.

3. தண்ணீர்

காலை ஏழு மணிக்குள் ஊற்றுங்கள், வேர்ப் பகுதியில், நிதானமாக. மதியம் இலை தொங்கினால் பதறி ஊற்ற வேண்டாம். பூசணியும் கத்தரியும் உச்சி வெயிலில் தொங்கி, மாலையில் தானே நிமிரும். மாலையிலும் நிமிரவில்லை என்றால்தான் தாகம். சந்தேகமாக இருந்தால் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

தரைத் தோட்டத்துக்கு என் பரிந்துரை பானைப் பாசனம். இரண்டு, மூன்று லிட்டர் பிடிக்கும் சாதாரண மண்பானை, பெயிண்ட் அடிக்காதது. கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி புதைத்து, தண்ணீர் நிரப்பி, தட்டால் மூடிவிடுங்கள். மூடாவிட்டால் கொசு முட்டையிடும். சுற்றிலும் ஒரு சாண் தள்ளிச் செடிகளை நடுங்கள். சுற்றியுள்ள மண் காயும்போதுதான் பானையிலிருந்து நீர் கசியும், மண் ஈரமாக இருந்தால் கசிவு குறைந்துவிடும். இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். சீசன் முடிந்து தோண்டி எடுக்கும்போது, வெள்ளை வேர்கள் பானையை வலைபோலக் கட்டிப் பிடித்திருப்பதைப் பார்க்கலாம்.

4. காட்டுப்பூவுக்கு ஓர் ஓரம்

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். முதல் வருஷம் சுவர் ஓரத்தில் இருந்த தும்பை, மூக்குத்திப்பூ எல்லாவற்றையும் களை என்று பிடுங்கிப்போட்டேன். பூசணிக் கொடி மட்டும் தளதளவென்று ஓடியது. கட்டைவிரல் அளவுக்கு வந்த பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தது. நோய் என்று நினைத்து மருந்து தேடி அலைந்தேன். மகரந்தம் கொண்டுவரத் தேனீயே வரவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

மூன்றடி அகலம் போதும். தும்பையும் மூக்குத்திப்பூவும் தானாக முளைக்கும், பிடுங்காமல் இருந்தாலே போதும். கொசுத்தேனீக்கும் பட்டாம்பூச்சிக்கும் அதுதான் பந்தி. வேலியில் சங்குப்பூ ஏற்றிவிடுங்கள். அவரை இனம் என்பதால் வேரில் தழைச்சத்தும் சேரும்.

முடிந்தால் ஓர் ஆவாரஞ்செடி வையுங்கள். விதைத்தோல் கெட்டியானது. கொதித்து இறக்கிய நீரில் போட்டு இரவு முழுக்க ஊறவிட்டு விதையுங்கள். பூக்க நாளாகும், ஆனால் வேர் பிடித்துவிட்டால் தண்ணீரே கேட்காது. ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் பூவுக்குள் இருக்கும் மகரந்தப்பைக்குள் அடைந்திருக்கும், நுனியில் உள்ள சிறு துளைதான் வெளியே வர வழி. கருவண்டு பூவைக் கட்டிப்பிடித்து ‘விர்ர்’ என்று அதிர்ந்தால் பொடிபோலக் கொட்டும். கத்தரிப் பூவும் இதே அமைப்புதான். ஆவாரைக்கு வருகிற வண்டு பக்கத்துக் கத்தரியையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுப் போகிறது. வண்டு வராத மாடியில் காலையில் கத்தரிப் பூக்காம்பை விரலால் மெதுவாகச் சுண்டிவிடுங்கள்.

பார்த்தீனியம் என்ற ஒவ்வாமைக் களையை மட்டும் பூக்கும் முன் வேரோடு பிடுங்குங்கள், கையுறை போட்டுக்கொண்டு. அப்புறம் ஒரு தட்டில் கூழாங்கற்கள் போட்டுத் தண்ணீர் வையுங்கள். தேனீ கல்லில் உட்கார்ந்து குடிக்கும். தினமும் நீரை மாற்றுங்கள்.

5. பூசணிக்குக் கைகொடுப்பது

தேனீ வரும்வரை நாமே செய்யலாம். மெல்லிய காம்பில் நிற்பது ஆண் பூ. அடியில் குட்டிக் காயோடு இருப்பது பெண் பூ. விடிந்து எட்டு மணிக்குள், ஆண் பூவைப் பறித்து இதழைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் தடவுங்கள். மஞ்சள் பொடி ஒட்டுவது கண்ணுக்குத் தெரியும். பீர்க்கம்பூ சாயங்காலம்தான் விரியும், அதற்கு மாலையில் செய்யுங்கள்.

6. பூச்சி

கோடையில் பெரிய தொல்லை செம்பேன். இலை மேலே வெளிறிப் புள்ளி விழுந்தால் திருப்பிப் பாருங்கள், அடியில் மெல்லிய நூலாம்படை இருக்கும். இலையின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். அடங்கவில்லை என்றால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசலோடு. பூவில் படாமல், தேனீக்கள் அடங்கிய மாலை நேரத்தில் மட்டும் தெளியுங்கள். வெண்டை இலையில் நரம்பு மஞ்சளாகப் பின்னிக்கொண்டால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். மருந்து கிடையாது, செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள்.

7. விதைக்கு விடுவது

வைகாசி பாதியில் நல்ல வெண்டைச் செடியாகப் பார்த்து, இரண்டு காய்களில் நூல் கட்டிப் பறிக்காமல் விடுங்கள். காய் பழுப்பாகி, விளிம்பு வெடித்து, ஆட்டினால் உள்ளே கலகலக்க வேண்டும். விதையை உதிர்த்து நிழலில் காயவைத்து, கொஞ்சம் அடுப்புச் சாம்பல் கலந்து கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடுங்கள். தும்பையின் காய்ந்த பூங்கொத்துகளையும் ஒரு காகித உறையில் கசக்கிப் போட்டு வையுங்கள். இரண்டும் ஆடிப்பட்டத்துக்கு ஆகும்.