கடல் பக்கத்தில்தானே இருக்கிறது என்ற தைரியம்: பாம்பு நட்சத்திரம் வளர்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி மழை விட்ட மறுநாள், மண்டபத்தில் ஒரு தம்பியின் வீட்டுக்குப் போயிருந்தேன். புதிதாகக் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறான். கல்லிடுக்கில் இரண்டு பாம்பு நட்சத்திரங்கள்; நட்சத்திர மீனின் உறவுதான், பாம்புபோல நெளியும் நீண்ட கைகள். அவற்றின் கை நுனிகள் துண்டு துண்டாகக் கழன்று மணலில் கிடந்தன. "நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தன, அண்ணே" என்றான். வாசலில் ஈரம் காயாத நீல டிரம் நின்றது. நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அதே டிரம், அதே மாதம், அதே முட்டாள்தனம். பல வருடங்களுக்கு முன் நான் செய்ததுதான்.

கையில் முள் துருத்திக்கொண்டிருந்தால் பிரிட்டில் ஸ்டார் என்றும், வழவழப்பாக இருந்தால் பாம்பு நட்சத்திரம் என்றும் கடையில் சொல்வார்கள். இரண்டும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவை. சாகிற விதமும் ஒன்றே. சோப்புக் கையைத் தொட்டிக்குள் விடாதீர்கள் என்பது போன்ற பாடங்களை யாரும் சொல்லித் தருவார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

கடல் தண்ணீர்தானே என்று ஊற்றுவது

சென்னைக்காரர் உப்புப் பொட்டலம் வாங்கி, அளந்து கரைத்து, சோதித்துவிட்டு ஊற்றுகிறார். நமக்கோ வாசலில் கடல். குடத்தோடு இறங்கினால் போதும் என்று நினைப்பு.

நான் அந்த முட்டாள்தனம் செய்த அன்று, 200 லிட்டர் தொட்டியில் பாதியை இறைத்துவிட்டு, வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கரையில் மொண்ட தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றினேன். மூன்று நாள் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு மொண்டது அது. பத்தடி தள்ளி மழைநீர் ஓடை கடலில் விழுந்துகொண்டிருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்புக் கரித்தது. அதுதான் என் பரிசோதனை! மறுநாள் காலை நான்கு நட்சத்திரங்களில் ஒன்றுக்கும் கை முழுதாக இல்லை. மாலையில், கைகள் வந்து சேரும் நடுவட்டம் வெளுத்து நாறியது. மீன்கள் மட்டும் எதுவும் நடக்காதது போல நீந்திக்கொண்டிருந்தன. தண்ணீரில் குறையில்லை, நோய்தான் வந்துவிட்டது என்று அதை வைத்தே முடிவு கட்டினேன். ஒரு நண்பரின் ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பின் அளவை அடர்த்தி எண்ணாகக் காட்டும் கருவி) டிரம்மின் மிச்சத்தைப் பார்த்தபோது 1.018 காட்டியது. என் தொட்டி அதற்கு முன் 1.025-இல் இருந்தது.

மீனுக்குச் செவுளும் சிறுநீரகமும் சேர்ந்து உடலின் உப்பைச் சரிக்கட்டும். நட்சத்திர மீன், கடலட்டை, இவை எல்லாம் அடங்கிய முள்தோலிகளுக்கு அப்படி ஓர் ஏற்பாடே கிடையாது. வெளியே என்ன உப்போ அதுவே உள்ளேயும். வெளியே சட்டென்று குறைந்தால் உடலுக்குள் தண்ணீர் ஏறி திசு வீங்கிவிடும்.

வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் உப்புக் குறைவது இயற்கை. அங்கே மெல்லக் குறைகிறது. நாமோ ஐந்து நிமிடத்தில் குறைக்கிறோம். மழைக்காலத்தில் கரையோரம் மொள்ளவே வேண்டாம். படகுக்காரரிடம் சொல்லி ஆழத்திலிருந்து எடுத்துவரச் செய்யுங்கள். மூடிவைத்து, உப்பை அளந்து, தொட்டியின் உப்பளவுக்குக் கொண்டுவந்த பிறகே ஊற்றுங்கள். ஒரு தடவைக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மாற்றாதீர்கள்.

புதிதாக வாங்கியதையும் பையோடு கவிழ்க்காதீர்கள். வாளியில் விட்டு, தொட்டி நீரை மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாக இரண்டு மூன்று மணி நேரம் இறக்க வேண்டும். அவசரமென்றால் வாங்காமல் இருக்கலாம்.

வற்றியதைக் கடல் நீரால் நிரப்புவது

இதே தவறின் மறுபக்கம். நம் வெயிலில் தொட்டி தினமும் வற்றும்; ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அப்படியே நிற்கும். நிரப்ப வேண்டியது நல்ல தண்ணீர். நம் மாவட்டக் கிணறு பலவற்றில் அதுவும் கரிக்கும் என்பதால் ஆர்.ஓ. தண்ணீர்தான் வழி.

பச்சை நிறத்தவன்

சிறு மீன் இருக்கும் தொட்டியில் வேண்டாம். பச்சை பிரிட்டில் ஸ்டார் இரவில் கைகளை ஊன்றி நடுவட்டத்தைத் தூக்கிக் கூண்டுபோல நிற்கும். தூங்க இடம் தேடும் மீன் அடியில் நுழைந்ததும் கைகளை முறுக்கி மூடிவிடும். என் இரண்டு கோமாளி மீன்கள் அப்படித்தான் போயின.

செம்பு மருந்து

மீனின் நோய்க்குப் போடும் செம்பு மருந்து நட்சத்திரத்தைக் கொன்றுவிடும். மீனுக்குக் கொடுப்பதானால் தனித் தொட்டியில்.

கல்லிடுக்கிலிருந்து பிடித்து இழுப்பது

கை உங்களிடம், நட்சத்திரம் கல்லுக்குள். நடுவட்டம் தப்பித்தால் மெல்ல வளரும்.

தீவுப் பக்கம் போய்ப் பொறுக்குவது

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. பவளப்பாறையோ 2001 முதல் வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்பில், இருக்கிறது. "செத்த கல்தானே" என்று தொட்டி அலங்காரத்துக்குக் கொண்டுவருபவர்களை இன்னும் பார்க்கிறேன்.

பகலில் தீனி போடுவது

விளக்கணைத்து அரை மணி கழித்து, நகக்கண் அளவு இறால் துண்டு, வாரம் இருமுறை. பகலில் போட்டால் மீன் தின்றுவிடும். நட்சத்திரம் இளைப்பது கண்ணுக்குத் தெரியவே மாதங்கள் ஆகும்.