விளம்பரத்தை நம்பாமல் வலைப்பூவில் வருமானம்: பழைய பதிவுகளை மின்னூலாக்கி விற்பது எப்படி?

வலைப்பூவில் பணம் என்றதும் எல்லோரும் கூகுளின் விளம்பரத் திட்டமான ஆட்சென்ஸ் பக்கம்தான் ஓடுகிறார்கள். கணக்கில் 100 டாலர் சேராமல் அங்கே பணம் கைக்கு வராது. தினம் சில நூறு பேர் மட்டும் எட்டிப் பார்க்கும் வலைப்பூவுக்கு அது எட்டாக் கனி. விளம்பரத்துக்குக் கூட்டம் வேண்டும். மின்னூலுக்கு, உங்கள் எழுத்தால் உண்மையில் பயனடைந்த சிலர் இருந்தால் போதும். எழுதி முடித்த பதிவுகள் ஏற்கெனவே கைவசம் இருக்கின்றன என்பது கூடுதல் வசதி.

நாமே மின்னூல் வெளியிட்டு விற்க உதவும் அமேசானின் கேடிபி தளத்தில் கணக்குத் தொடங்கும் முறையை இங்கே விளக்கப் போவதில்லை. அது கேட்பதை நிரப்பிக்கொண்டே போனால் முடிந்துவிடும்.

படி 1: பதிவுகளைப் பொறுக்குதல்

ஒரே பொருளில் அமைந்த பதிவுகளை மட்டும் எடுங்கள். வாழ்த்து, நாட்டு நடப்பு, ‘நீண்ட நாளாக எழுத முடியவில்லை, மன்னிக்கவும்’ வகையறாக்களுக்கு இடமில்லை. பிறகு அந்தப் பதிவுகளின் பின்னூட்டங்களை வரிசையாகப் படியுங்கள். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்வி எதுவோ, அதுதான் உங்கள் நூலில் விடுபட்டிருக்கும் அத்தியாயம். அதைப் புதிதாக எழுதிச் சேருங்கள். இலவசமாகக் கிடைப்பதைக் காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும் என்ற கேள்விக்கு அந்த அத்தியாயமே பதில்.

‘சென்ற பதிவில் சொன்னதுபோல’, ‘இங்கே சொடுக்கவும்’ போன்ற தொடர்களைத் தேடி நீக்குங்கள். நூலில் அவை அசிங்கமாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

படி 2: கோப்பு தயாரித்தல்

வலைப்பூவிலிருந்து நேராக நகலெடுத்து ஒட்டினால் எழுத்துருவின் அளவு, நிறம், பின்னணி எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் கூடவே வந்துவிடும். முதலில் நோட்பேடில் ஒட்டி வெறும் உரையாக்குங்கள். பிறகு சொற்செயலிக்குக் கொண்டுபோங்கள். ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்திய எழுத்துருவில் எழுதிய பழைய பதிவுகள் இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

எனக்கு லிப்ரே ஆபீஸ் ரைட்டர் பிடிக்கும். இலவசம், நேரடியாக ஈபப் என்ற மின்னூல் கோப்பாகச் சேமிக்கும். அத்தியாயத் தலைப்புகளை வெறுமனே தடித்த எழுத்தாக்காமல், தலைப்புக்கென்றே உள்ள பாணியைக் கொடுங்கள். பொருளடக்கம் அதிலிருந்துதான் உருவாகிறது. பிடிஎஃப் வேண்டவே வேண்டாம். கைப்பேசியில் படிப்பவர் ஒவ்வொரு வரிக்கும் திரையை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

அட்டைக்கு 1600 x 2560 பிக்சல் அளவு சரியாக இருக்கும். அஞ்சல்தலை அளவுக்குச் சுருக்கினாலும் நூலின் பெயர் படிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

படி 3: கேடிபி செலக்ட் பெட்டி

நூலைப் பதிவேற்றும்போது ‘கேடிபி செலக்ட்டில் சேர்கிறீர்களா?’ என்று கேட்கும். நான் வெகுநேரம் தயங்கி நின்றது இங்கேதான். சேர்ந்தால், சந்தா கட்டி மின்னூல் படிக்கும் அமேசானின் கிண்டில் அன்லிமிடெட் திட்டத்தின் சந்தாதாரர்கள் படிக்கும் பக்கங்களுக்கும் பணம் வரும். அதற்கு விலை, 90 நாளுக்கு அமேசானுக்கு மட்டுமேயான விற்பனை உரிமை. அந்தக் காலத்தில் நூலின் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. உங்கள் சொந்த வலைப்பூவும் ‘வேறெங்கும்’ என்பதில் அடக்கம். மாதிரியாக 10 சதவீதம் வரை வெளியே வைத்திருக்கலாம். மீதியை வலைப்பூவிலிருந்து எடுத்தாக வேண்டும்.

சிக்கல் இதோடு முடியவில்லை. 2.99 முதல் 9.99 டாலர் வரை விலை வைத்தால் 70 சதவீத உரிமத்தொகை உண்டு. ஆனால் இந்தியா, ஜப்பான், பிரேசில், மெக்சிகோ ஆகிய நாடுகளில் நடக்கும் விற்பனைக்கு, செலக்ட்டில் சேர்ந்தால்தான் அந்த 70. சேராவிட்டால் 35.

என் கட்சி: பெட்டியில் குறியிடாதீர்கள். தேடுபொறி வழியாக ஆட்களை அழைத்துவருவதே அந்தப் பதிவுகள்தான். அவற்றை மறைத்துவிட்டு நூலை மட்டும் வைத்தால், கடையைத் திறந்துவிட்டுத் தெருவை அடைத்த கதையாகிவிடும். நூலில் பெரும்பகுதி எங்கும் வெளிவராத புது எழுத்து என்றால் மட்டும் செலக்ட்டைப் பற்றி யோசிக்கலாம்.

படி 4: விலையும் படங்களும்

70 சதவீதத் திட்டத்தில் கோப்பின் எடைக்கும் கழிவு உண்டு. அமேசான் டாட் காமில் ஒரு எம்பிக்கு 15 சென்ட். 2.99 டாலர் நூல் 1 எம்பி இருந்தால் உங்களுக்கு ஏறக்குறைய 1.99 டாலர் வரும். அதே நூல் படங்களால் வீங்கி 10 எம்பி ஆனால் 1.04தான். எடைக் கழிவே இல்லாத 35 சதவீதத் திட்டத்தில் 1.05 கிடைத்திருக்கும்! ஆகவே படங்களைச் சுருக்கிவிட்டு விலையைத் தீர்மானியுங்கள்.

இன்னும் சில வழிகள்

செலக்ட்டில் சேராத நூலை, மின்பொருள்களை விற்க உதவும் கம்ரோடு போன்ற தளங்களில் நீங்களே விற்கலாம். 10 சதவீதத்துக்குக் குறையாமல் எடுத்துக்கொள்வார்கள் என்றாலும் விலை உங்கள் விருப்பம். பதிவில் நீங்கள் தந்த அட்டவணை, சரிபார்ப்புப் பட்டியல், கணக்கிடும் விரிதாள் போன்றவற்றுக்கும் அங்கே ஆள் இருக்கிறது.

‘எழுதித் தருகிறேன், திருத்தித் தருகிறேன்’ என்று ஒரு தனிப்பக்கம் வையுங்கள். பழைய பதிவுகளே மாதிரிகள் ஆகிவிடும்.

காசு வாங்கிக்கொண்டு இணைப்புக் கொடுப்பது எனக்குப் பிடிக்காத வழி. கொடுத்தே தீருவேன் என்பவர்கள், 2019இல் கூகுள் அறிமுகப்படுத்திய ‘ஸ்பான்சர்டு’ குறியை இணைப்பின் நிரலில் சேர்த்துவிடுங்கள். அது பணம் பெற்ற பதிவு என்று வாசகருக்கும் சொல்லிவிடுங்கள்.

பின்சேர்க்கை

செலக்ட்டில் சேர்வதற்காகப் பதிவுகளை மறைத்த பிறகும் அவை திரட்டிகளில் (பல வலைப்பூக்களின் பதிவுகளைத் தொகுத்துக் காட்டும் தளங்களில்) முழுதாகத் தெரிகின்றன என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். வலைப்பூவின் ஓடை (ஃபீட்) முழுப் பதிவையும் அனுப்பும்படி இருந்தால் அப்படித்தான் ஆகும். அமைப்புகளில் அதைச் ‘சுருக்கம்’ என்று மாற்றுங்கள். ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவற்றைக் கண்டுபிடிக்க, நூலிலிருந்து ஒரு வரியை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள். கிடைத்த இடங்களில் நீக்கச் சொல்லிக் கேளுங்கள்.

செலக்ட்டில் சேராதவர்களுக்கும் ‘இது இணையத்தில் இலவசமாக இருக்கிறதே, உரிமை உங்களுடையதா?’ என்று கேடிபியிலிருந்து மின்னஞ்சல் வரக்கூடும். பதற வேண்டாம். நூலில் உள்ள அதே பெயரை வலைப்பூவின் ‘என்னைப் பற்றி’ பக்கத்தில் முன்கூட்டியே போட்டுவையுங்கள். புனைபெயரில் எழுதுபவர்கள் இரண்டு பெயரையும் அங்கே குறிப்பிடுங்கள். பதிலில் அந்தப் பக்கத்தின் முகவரியைச் சேர்த்து அனுப்புங்கள்.

செலக்ட்டில் சேர்ந்து 90 நாளில் வெளியேற நினைப்பவர்கள், தானாகப் புதுப்பிக்கும் குறியை இன்றே எடுத்துவிடுங்கள். விட்டால் அது அடுத்த 90 நாளுக்குத் தாவிவிடும்.